அப்பாவுக்கு லெஃப்ட் மெயினில் 70% அடைப்பு: பைபாஸா, ஸ்டென்ட்டா?

கரூர்ப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 64. சர்க்கரை பதினைந்து வருடத்துக்கு மேலாக இருக்கிறது, பிபி மாத்திரையும் போடுகிறார், பீடியை விட்டு ரொம்ப காலம் ஆகிறது. கொஞ்ச நாளாகவே சாப்பிட்டுவிட்டு நடந்தால் நெஞ்சு எரிகிறது, தாடை இழுக்கிறது என்பார், அது கேஸ்தான் என்று அவரே சொல்லி சோடா குடித்துக்கொள்வார். போன மாதம் புகழிமலைக் கோயிலுக்குப் படி ஏறும்போது பாதியில் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் இதய டாக்டரிடம் வரச் சம்மதித்தார்.

ஈசிஜி நார்மல். எக்கோவில் பம்பிங் 52%. டிரெட்மில்லில் ஏற்றினார்கள், வேகம் கூட்டியதும் பிபி ஏறுவதற்குப் பதில் இறங்கிவிட்டது என்று பாதியில் நிறுத்தி, அன்றைக்கே அட்மிட் போட்டு, மறுநாள் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே போடுகிறேன்:

லெஃப்ட் மெயின் டிஸ்டல் 70%. எல்ஏடி ஆரம்பத்தில் 80%, நடுவில் 60%. சர்கம்ஃப்ளெக்ஸ் வாயில் 60%. ஆர்சிஏ நடுவில் 70%. சின்டாக்ஸ் ஸ்கோர் 31. ரத்தத்தில் கிரியேட்டினின் 1.4.

அப்பா டேபிளில் படுத்திருக்கும்போதே டாக்டர் வெளியே வந்து "மெயின் குழாயிலேயே அடைப்பு, ரிஸ்க்கான இடம், இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா, கையெழுத்துப் போடுங்கள்" என்றார். அம்மா ஒரு பக்கம் அழுகிறார், எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கொஞ்சம் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் அதே மருத்துவமனையின் பெரிய டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு பைபாஸ்தான் நல்லது என்கிறார். பெரியப்பாவோ நெஞ்சைப் பிளப்பதெல்லாம் அந்தக் காலம், இப்போது எல்லாமே ஸ்டென்ட்தான், எழுபது வயதை நெருங்குகிற உடம்பு தாங்காது என்கிறார். சொந்தத்தில் இன்னொருவர் காலில் பட்டை கட்டிக் காற்றடிக்கும் சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார், அறுக்கவே வேண்டாமாம்.

இதில் யார் சொல்வதைக் கேட்பது? எவ்வளவு நாள் யோசிக்க நேரம் இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கேத்லேப் ராத்திரி டூட்டி:

தம்பி, நான் ஆஞ்சியோ எடுக்கும் கேத்லேபில் டெக்னீஷியன், டாக்டர் இல்லை. முடிவை டாக்டர்களோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்பதை மட்டும் விளக்குகிறேன், அது புரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள் மகாதமனியின் அடியிலிருந்து வலது, இடது என்று இரண்டாகக் கிளம்புகின்றன. வலது குழாய்தான் ரிப்போர்ட்டில் இருக்கும் ஆர்சிஏ. இடது குழாயின் முதல் துண்டுதான் லெஃப்ட் மெயின். நீளம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான், அதற்குள் எல்ஏடி, சர்கம்ஃப்ளெக்ஸ் என்று இரண்டாகப் பிரிந்துவிடும். உடம்புக்கெல்லாம் ரத்தத்தைத் தள்ளுகிற இடது கீழறைக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு இந்தச் சின்னத் துண்டு வழியாகத்தான் போக வேண்டும். கடைமடை வாய்க்காலில் மண் சரிந்தால் நாலு வயல் காயும், தலைமதகில் சரிந்தால் ஆயக்கட்டே காயும், அந்தக் கதைதான் இது. அதனால்தான் மற்ற குழாய்களில் 70 சதவீதத்தைக் கணக்கில் எடுக்கிற டாக்டர்கள், லெஃப்ட் மெயினில் 50 சதவீதம் என்றாலே முக்கியமான அடைப்பு என்று எழுதுகிறார்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் முக்கியமான சொல் "டிஸ்டல்". அடைப்பு லெஃப்ட் மெயினின் வாயிலோ நடுவிலோ இருந்தால் ஒரே ஸ்டென்ட்டில் வேலை முடிந்துவிடும், பலனும் நன்றாக இருக்கும். அப்பாவுக்கு இருப்பது இரண்டாகப் பிரிகிற இடத்தில், அதுவும் இரண்டு கிளைகளின் வாயிலும் சேர்த்து. அங்கே ஸ்டென்ட் வைப்பதென்றால் பெரும்பாலும் இரண்டு ஸ்டென்ட்டை ஒன்றோடொன்று பொருத்தி வைக்கிற நுட்பம் வேண்டும், அதற்குக் கை பழகிய டாக்டர் வேண்டும். பின்னால் சர்கம்ஃப்ளெக்ஸ் வாயில் மறுபடி சுருங்குவதை நாங்கள் கேஸ்களில் பார்க்கிறோம்.

ஈசிஜி நார்மல் என்பதில் ஆச்சரியம் இல்லை. வலி இல்லாமல் படுத்திருக்கும் நேரத்தில் எடுத்தால் லெஃப்ட் மெயின் நோயாளிக்கும் நார்மலாகவே வரலாம். வலி இருக்கும்போது எடுத்தால் ஈசிஜியின் பல லீடுகளில் (கோடுகளில்) எஸ்டி என்கிற பகுதி கீழே இறங்கி, ஏவிஆர் என்கிற லீடில் மட்டும் மேலே ஏறி நிற்கலாம், அதைப் பார்த்தால் எங்கள் லேபில் உடனே ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவோம். டிரெட்மில்லில் பிபி இறங்கியதும் அதே மாதிரி பெரிய அறிகுறிதான். அங்கே டெஸ்ட்டை நிறுத்திய டாக்டர் சரியாகச் செய்திருக்கிறார்.

இன்னொன்று. ஆஞ்சியோவில் தெரிவது மருந்து ஓடும் பாதையின் உருவம்தான், குழாயின் சுவர் தெரியாது. 40, 50 என்று நடுவாந்தரமாக வந்தால் ஐவஸ் என்கிற அல்ட்ராசவுண்ட் கம்பியை உள்ளே விட்டு, இருக்கிற பாதையின் பரப்பளவை அளப்பார்கள். 6 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பொதுவாக விட்டுவிடலாம் என்பது கணக்கு, நம் ஆசியர்களுக்குக் குழாய் சிறியது என்பதால் 4.5 வரைகூடப் பார்க்கலாம் என்று கொரியாவில் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. அல்லது எஃப்எஃப்ஆர் என்று அழுத்தத்தை அளந்து 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு ரத்தத்தைத் தடுக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கேஸில் நோய் இருக்கிறதா என்ற சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவேளை ஸ்டென்ட் என்று முடிவானால் "ஐவஸ் வைத்துச் செய்வீர்களா" என்று கேளுங்கள். லெஃப்ட் மெயினில் அது இல்லாமல் செய்ய ஒத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டென்ட் முழுதாக விரிந்து சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

ஆஞ்சியோ சிடி உங்கள் உரிமை. கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். எழுத்து ரிப்போர்ட் மட்டும் கொண்டுபோனால் எந்த சர்ஜனும் கருத்துச் சொல்ல மாட்டார்.

மதுரை டாக்டர்:

கார்டியாலஜி படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்லக் கூடாது, ஆனால் நீங்கள் போட்டிருக்கும் விவரத்தை வைத்துப் பார்த்தால் பெரிய டாக்டர் ஏன் பைபாஸ் என்றார் என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது.

முதலில் மாத்திரை மட்டும் போதுமா என்ற கேள்வி. 1970களிலேயே அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் செய்த ஆய்வில் லெஃப்ட் மெயின் நோயாளிகள் மாத்திரையோடு இருந்ததைவிட பைபாஸ் செய்துகொண்டு அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று தெரிந்துவிட்டது. அதனால் இந்த நோயில் மாத்திரையை மட்டும் நம்பிக் காத்திருக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. பத்திரிகையில் "அடைப்புக்கு மாத்திரையே போதும், ஆய்வில் நிரூபணம்" என்று வந்ததைப் பெரியப்பா காட்டினாரென்றால், அந்த இஸ்கிமியா ஆய்வில் லெஃப்ட் மெயின் அடைப்பு உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை என்று சொல்லுங்கள்.

அப்புறம் ஸ்டென்ட்டா பைபாஸா. இதற்கு 2016இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. எக்ஸெல் என்பதில் 1905 பேர், நோபிள் என்பதில் சுமார் 1200 பேர். எக்ஸெல் இரண்டும் ஏறக்குறைய சமம் என்றது, நோபிள் பைபாஸ்தான் மேல் என்றது. எக்ஸெல்லின் ஐந்து வருடக் கணக்கு வந்தபோது ஸ்டென்ட் வைத்தவர்களில் 13 சதவீதம் பேரும் பைபாஸ் செய்தவர்களில் 9.9 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இதய சர்ஜன்களுக்கும் கார்டியாலஜிஸ்ட்டுகளுக்கும் பெரிய சண்டையே நடந்து, ஐரோப்பிய சர்ஜன்கள் சங்கம் லெஃப்ட் மெயின் பற்றிய சிகிச்சை வழிகாட்டுதலுக்குக் கொடுத்த ஆதரவையே திரும்பப் பெற்றது. பிறகு 2021இல் நான்கு ஆய்வுகளின் 4394 பேரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஐந்து வருட இறப்பு ஸ்டென்ட் பக்கம் 11.2 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.2 சதவீதம் என்று வந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறுபடி ஹார்ட் அட்டாக் வருவது ஸ்டென்ட் பக்கம் 6.2, பைபாஸ் பக்கம் 2.6. மறுபடி அடைப்புக்கு ஏதாவது செய்ய வேண்டி வந்தது 18.3க்கு 10.7. முதல் வருடத்தில் பக்கவாதம் பைபாஸ் பக்கம் கொஞ்சம் கூடுதல். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் பலருக்கு சின்டாக்ஸ் ஸ்கோர் உங்கள் அப்பாவைவிடக் குறைவு. அடைப்புகள் எவ்வளவு சிக்கலானவை என்று படத்தைப் பார்த்துப் போடும் மதிப்பெண் அது. 22 வரை என்றால் எளிய அடைப்பு, 23 முதல் 32 வரை நடுத்தரம், 33ம் அதற்கு மேலும் சிக்கல். அப்பாவுக்கு 31, நடுத்தரத்தின் மேல் விளிம்பு. பிரிகிற இடத்தில் அடைப்பு, மூன்று குழாயிலும் நோய், நீண்ட காலச் சர்க்கரை. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேரும்போது, ஆப்பரேஷனைத் தாங்கும் உடம்பு என்றால், நான் பைபாஸ் பக்கம்தான் நிற்பேன். சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய் நெடுக நோய் இருக்கும். ஸ்டென்ட் அது வைத்த இடத்தை மட்டும் சரி செய்யும், பைபாஸ் குழாயோ அடைப்புகளைத் தாண்டிக் கீழே போய் இணைவதால் பின்னால் மேல்பகுதியில் புதிதாக வருகிற அடைப்பிலிருந்தும் காப்பாற்றும்.

டேபிளில் வைத்துக் கையெழுத்துக் கேட்டது பற்றி: ஹார்ட் அட்டாக் ஓடிக்கொண்டிருக்கிறது, பிபி விழுகிறது, வலி நிற்கவில்லை என்றால் அங்கேயே ஸ்டென்ட் வைப்பது உயிர் காக்கிற வேலை, யோசிக்கக் கூடாது. உங்கள் அப்பா மாதிரி நிலையாக இருப்பவருக்கு அப்படி அவசரம் இல்லை. கார்டியாலஜிஸ்ட்டும் இதய சர்ஜனும் சேர்ந்து படத்தைப் பார்த்து, குடும்பத்தோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். நீங்கள் நிறுத்தியது சரி.

அதற்காக மாசக்கணக்கில் தள்ளாதீர்கள். ஓரிரு வாரத்துக்குள் முடிவுக்கு வாருங்கள். அதுவரை படி ஏறுவது, வெயிலில் நடப்பது வேண்டாம், மாத்திரை ஒரு வேளை கூட விடக் கூடாது, நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை சட்டைப்பையிலேயே இருக்கட்டும், உட்கார்ந்து வைக்கச் சொல்லுங்கள், நின்றுகொண்டு வைத்தால் மயக்கம் வரும். ஓய்வில் இருக்கும்போதே வலி வந்தால், அல்லது வைத்து ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால், காரைத் தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

திருச்சி மலர்:

எங்கள் அம்மாவுக்கு லெஃப்ட் மெயினில் ஸ்டென்ட்தான் வைத்தோம். அதனால் ஸ்டென்ட் என்றாலே தப்பு என்று யாரும் பயப்பட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். அம்மாவுக்கு எண்பதை ஒட்டிய வயது, விறகடுப்பில் காலமெல்லாம் சமைத்து நுரையீரல் வீணாகிவிட்டது, வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்திருந்தோம். சர்ஜன் ஊதிப் பார்க்கும் டெஸ்ட்டைப் பார்த்துவிட்டு, மயக்க மருந்து கொடுத்தால் வென்டிலேட்டரிலிருந்து வெளியே எடுப்பதே கஷ்டம் என்று நேராகச் சொன்னார். அடைப்பும் குழாயின் வாயில் மட்டும்தான், பிரிகிற இடம் சுத்தம். ஒரு ஸ்டென்ட், சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார், இப்போது தானே குளித்து, பூஜை செய்து, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

ஒன்றே ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் இரண்டு மாத்திரையை (ஆஸ்பிரின், அதோடு குளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரெலர்) டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. பல் பிடுங்கப் போன இடத்தில் "ரத்தம் நிற்காது, ஒரு வாரம் நிறுத்துங்கள்" என்றார்கள், நான் இதய டாக்டருக்குப் போன் செய்து கேட்ட பிறகுதான் வாயைத் திறக்கவே விட்டேன். மெயின் குழாய் ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கிரியேட்டினின் 1.4 என்று போட்டிருக்கிறீர்களே, ஆஞ்சியோ மருந்து கிட்னிக்கு ஆகாது. இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார்களா?

ஓய்வு பெற்ற ரயில்வே:

தம்பி, உங்கள் அப்பா மாதிரியே சர்க்கரை, லெஃப்ட் மெயின், மூன்று குழாய். எனக்கு பைபாஸ் நடந்தது. பெரியப்பாவிடம் சொல்லுங்கள், பழைய காலத்து ஆப்பரேஷன்தான், 1975லேயே எங்கள் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்துவிட்டார். அத்தனை காலம் நின்று நிரூபித்த வைத்தியம் என்பதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. இப்போது நம் ஊரில் பல இடங்களில் இதயத்தை நிறுத்தாமல், துடித்துக்கொண்டிருக்கும்போதே செய்கிறார்கள்.

என்ன செய்வார்கள் என்றால், மார்பெலும்புக்குப் பின்னால் ஓடும் ஒரு ரத்தக்குழாயின் கீழ் முனையைப் பிரித்து எல்ஏடியில் இணைப்பார்கள். லிமா என்று சொல்வார்கள். அது பத்து வருடம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் திறந்தே இருக்கும் என்று சர்ஜன் சொன்னார். மற்றக் குழாய்களுக்குக் காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாய், அது அவ்வளவு காலம் தாங்காது, பத்து வருடத்தில் கிட்டத்தட்டப் பாதி அடைத்துக்கொள்ளலாம் என்றும் அவரே சொன்னார். கையிலிருந்து எடுப்பதும் உண்டு. உங்கள் சர்ஜனிடம் "எந்தக் குழாயை எங்கே வைப்பீர்கள்" என்று கேளுங்கள், படம் போட்டுக் காட்டுவார்.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம். நெஞ்சு வலியை விட எனக்குக் கால் வெட்டுதான் அதிகம் படுத்தியது, கணுக்காலிலிருந்து தொடை வரை வீங்கி, கால் தொங்கப்போட்டு உட்கார முடியாது. இரும வேண்டும் என்பார்கள், இருமினால் உயிர் போகும். ஒரு சின்னத் தலையணையை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு இருமினால் தாங்கலாம். மூன்று பந்து இருக்கும் பிளாஸ்டிக் கருவியை இழுத்து இழுத்துப் பந்தை மேலே நிறுத்த வேண்டும், அதில் சோம்பல் பட்டால் சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிடும். இப்போதே வாங்கி அப்பாவைப் பழகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்குப் பால் கேன், சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது, எழும்போது கையை ஊன்றக் கூடாது, மார்பெலும்பு சேர வேண்டும். ராத்திரியில் தூக்கம் வராது, காரணமில்லாமல் அழுகை வரும், கோபம் வரும். வீட்டில் இருப்பவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கூடவே இருந்தால் போதும். இப்போது காலையில் வேகமாக நடக்கிறேன், தாடையில் இழுப்பு இல்லை.

கரூர்ப் பையன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மலர் அக்கா, கிரியேட்டினின் மறுபடி பார்த்தோம், 1.3. அப்பாவிடம் ரயில்வே ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன், அந்த மூன்று பந்து கருவியை உடனே வாங்கி வரச் சொல்லிவிட்டார்.

இரண்டு கேள்வி பாக்கி. அந்தக் காற்றடிக்கும் சிகிச்சை நிஜமாகவே உதவாதா? செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, அதில் பைபாஸ் வருமா?

மதுரை டாக்டர்:

காற்றடிக்கும் சிகிச்சை, அதாவது ஈஈசிபி, பைபாஸும் ஸ்டென்ட்டும் செய்ய வழியே இல்லாதவர்களுக்கு வலியைக் கொஞ்சம் குறைக்கப் பயன்படுவது. அடைப்பை அது கரைக்காது. லெஃப்ட் மெயின் உள்ளவரை வாரக்கணக்கில் அதற்கு அழைத்துப் போவது ஆபத்து, அந்த நாட்களுக்குள்ளேயே அட்டாக் வரலாம். சிரையில் மருந்து ஏற்றி அடைப்பைக் கரைக்கிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடமும் போக வேண்டாம்.

சுகாதாரத் துறை நண்பன்:

காப்பீட்டில் பைபாஸும் உண்டு, ஸ்டென்ட்டும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. முக்கியமானது, அட்மிட் ஆகும் அன்றே, பணம் கட்டும் முன்பே காப்பீட்டு கவுன்டரில் அட்டையைக் காட்டுங்கள், மருத்துவமனைதான் முன் அனுமதி வாங்க வேண்டும். அட்டையில் அப்பா பெயர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளிலும் பைபாஸ் செய்கிறார்கள். அங்கே வரிசை எவ்வளவு என்று நேரில் கேளுங்கள், லெஃப்ட் மெயின் என்பதையும் சொல்லுங்கள்.

தனியாரில் ஸ்டென்ட்டுக்குத் தனி பில் போட்டால் கம்பெனி பெயரும் விலையும் கேட்டு வாங்குங்கள். 2017 பிப்ரவரியிலிருந்து மத்திய அரசு உச்ச விலை வைத்திருக்கிறது, மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அப்போது 30 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே, பிறகு கூட்டியிருக்கிறார்கள்.

கேத்லேப் ராத்திரி டூட்டி:

தேதி வாங்கிய பிறகு மறக்கக் கூடாத ஒன்று. அப்பா போடும் மாத்திரை எல்லாவற்றையும், சர்க்கரை மாத்திரை உட்பட, அட்டையோடு எடுத்துப் போய் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். குளோபிடோக்ரல் போட்டுக்கொண்டிருந்தால் ஆப்பரேஷனுக்கு ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை இருந்தால் அதையும் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை நார்மலாகத் தெரியும்போதே உடம்பில் அமிலம் ஏறிவிடலாம். இதை நிறையப் பேர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், தேதியை அவர்களிடம் எழுதி வாங்குங்கள்.

கழுத்துக் குழாய் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் வீண் செலவு என்று நினைக்க வேண்டாம், அங்கே அடைப்பு இருந்தால் ஆப்பரேஷனில் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடும், முன்பே தெரிந்தால் அதற்கேற்றபடி திட்டம் போடுவார்கள். ரத்தம் கொடுக்க அப்பா குரூப்பில் ஆட்களைச் சொல்லி வையுங்கள்.

கரூர்ப் பையன்:

அண்ணா, அப்பா டாபாகிளிஃப்ளோசின்தான் போடுகிறார், நல்லவேளை சொன்னீர்கள். வியாழக்கிழமை சர்ஜனைப் பார்க்கிறோம், கார்டியாலஜி டாக்டரும் கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். சிடி, மாத்திரை அட்டை எல்லாம் ஒரே பையில் போட்டுவிட்டேன். லிமா எல்ஏடிக்கா என்பது முதல் கேள்வியாக எழுதி வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு வந்து இங்கேயே எழுதுகிறேன்.